பூச்சு இல்லாத குழாய்

அந்தக் குழாயை மேசை ஓரத்தில் வைக்காதீர்கள் மேடம், உருண்டு விழுந்துவிடும். பேனா ரீஃபில் பருமன்தானே என்று பார்க்காதீர்கள். உள்ளே துளி பாதரசம் இருக்கிறது. உடைந்தால் உங்கள் ஏட்டம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், அது கூட்டி அள்ளுகிற சாமான் இல்லை. அந்தத் துண்டின் மேலேயே இருக்கட்டும். ஆமாம், அப்படி.

இது என்ன விளக்கு என்று கேட்டீர்கள். முதலில் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனைக்கு ஒரே ஒரு கம்பிதான் வெளியே வருகிறது. வீட்டில் மாட்டுகிற டியூப் லைட்டுக்கு முனைக்கு இரண்டு கம்பி இருக்கும், உள்ளே ஓர் இழை சூடாகித்தான் எரியும். இதில் சூடாக இழையே கிடையாது. அதனால் கோல்டு கேத்தோடு என்பார்கள். பழைய கம்ப்யூட்டர் திரை, லேப்டாப் இதற்கெல்லாம் பின்னால் வெளிச்சத்துக்காக இந்த ஜாதிக் குழாயைத்தான் வைத்திருந்தார்கள். கடையில் நாங்கள் பேக்லைட் டியூப் என்று சொல்வோம்.

பேட்டரியில் நேராகக் கொடுத்தால் எரியாது. நடுவில் இன்வெர்ட்டர் போர்டு ஒன்று வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டை வாங்கிப் பல நூறு வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கிற சின்னப் பலகை. குழாயின் நீளத்துக்குத் தகுந்த போர்டு அமைய வேண்டும். அமையாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் எரியும், இல்லாவிட்டால் முனை கறுத்துப்போய்ச் செத்துவிடும். பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிற மாதிரி என்று நதியாவிடம் சொல்வேன். நமக்கு எத்தனை பொருத்தம் என்று கேட்டுச் சிரிப்பாள்.

நதியா என் மனைவி. அது உங்களுக்குத் தெரியும். என் பெயர் விஜயராஜ், ஜமுனாமரத்தூரில் மிக்சி, சார்ஜர், சோலார் பேட்டரி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதுவும் தெரியும். இந்தக் குழாய்களை இன்று யாரும் வாங்குவதில்லை. எல்.இ.டி. பல்பு வந்த பிறகு இதற்கு மதிப்பில்லை. ஆனாலும் எனக்கு இதன் வெளிச்சம் பிடிக்கும். பால் மாதிரி ஒரே சீராக விழும், நிழல் குத்தாது.

நதியா விடியற்காலையில் எழுந்து படிப்பாள். குரூப் ஃபோர் தேர்வுக்கு. திருப்பத்தூரில் பட்டம் வாங்கிய பெண், சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எல்.இ.டி. வெளிச்சம் புத்தகத்தில் பட்டுக் கண் கூசுகிறது என்றாள். நான் ஒரு லேப்டாப் திரையைப் பிரித்து, வெள்ளைப் பூச்சுள்ள குழாயை எடுத்து, அலுமினியப் பட்டையில் பொருத்தி, அவள் மேசைக்கு வலது பக்கச் சுவரில் மாட்டிக் கொடுத்தேன். ஊரில் மழை வந்தால் கரண்ட் போய்விடும், பேட்டரி என்பதால் அவளுக்குக் கவலை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எம் மாமா எனக்குன்னே செஞ்சது" என்று சொன்னாள். அந்த விளக்கின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தேர்வில் கொஞ்சத்தில் தவறவிட்டாள். அந்தக் கொஞ்சம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த தடவை நிச்சயம் தேறிவிடுவாள் என்று தெரிந்துவிட்டது. தேறினால் வேலை மலைக்குக் கீழேதான் போடுவார்கள். வாணியம்பாடியோ ஆரணியோ, எங்கேயோ ஓர் அலுவலகம். நாற்காலி, மின்விசிறி, கூட வேலை செய்கிறவர்கள். நானும் கூடவே கீழே வந்து கடை போடலாம் என்றாள். அங்கே தெருவுக்கு நான்கு கடை இருக்கிறது, என்னை யாருக்குத் தெரியும்?

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் கீழ்நாட்டுக்காரர். எங்களிடம் பெண்ணைப் பிடித்து வைக்கிற பழக்கம் இல்லை. புருஷன் வேண்டாம் என்று தோன்றினால் ஊர்ப் பெரியவரான நாட்டார் முன்னால் வந்து ஒரு வார்த்தை சொல்லலாம். அவளைக் கட்டிக்கொள்ள வருகிறவன், முதல் புருஷன் பெண் வீட்டுக்குக் கொடுத்த பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பான். ஊரே உட்கார்ந்து ஒரு சாப்பாடு சாப்பிடும், அத்தோடு முடிந்தது. யாரும் யாரையும் வெட்டுவதில்லை. நல்ல வழக்கம்தான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

என் அம்மா ராணியம்மாள் அப்படித்தான் போனாள். படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒருவரைப் பிடித்திருந்தது. அவர் வந்தார், நாட்டார் முன்னால் எல்லாம் மரியாதையாக நடந்தது. சாமைச் சோறும் ஆட்டுக்கறியும் போட்டார்கள். நான்தான் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன். அம்மாவுக்கும் ஊற்றினேன். "போதும்டா" என்று இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிட்டாள். என் அப்பாவும் ஏப்பம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார். எனக்கு அவள் மேல் கோபமில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டை இன்னொரு தடவை என்னால் சாப்பிட முடியாது என்று தெரியும். எனக்குப் பயமாக இருந்தது மேடம். நதியா கையில் புத்தகத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

இந்தக் குழாய் வாணியம்பாடியில் நசருல்லா பாயின் காயலான் கடையில் கிடைத்தது. பழைய மானிட்டர்கள் மூட்டையாக வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புவார். அன்று ஒரு டப்பாவில் தெளிந்த கண்ணாடிக் குழாய்கள் கொஞ்சம் கிடந்தன. அளவெல்லாம் பேக்லைட் டியூப் மாதிரியே. உள்பக்கம் வெள்ளைப் பூச்சு மட்டும் இல்லை. எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, அத்த எதுக்குப் பொறுக்குற?" என்றார் பாய். "பூச்சு இல்ல பாரு. கொரோனா டைம்ல போனு, பர்சு எல்லாம் உள்ள வெச்சு கிருமி சாவடிக்கிற பொட்டி வந்துச்சில்ல, அதுல இருந்து பிரிச்சது. அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆவாது. பத்த வெச்சுட்டு பாத்துக்கினு ஒக்காந்துராத."

"தெரியும் பாய்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவரை நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை. விசாரித்தால் எச்சரித்ததாகச் சொல்வார், அது உண்மைதான்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் இல்லை நான். கடையில் ஒரு காலை நேரம், பொருத்தமான போர்டு தேடி எரியவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தேன். லேசான நீலம், அவ்வளவுதான். புத்தகம்கூடப் படிக்க முடியாத வெளிச்சம். ஒரு வாடை வந்தது, பக்கத்தில் எங்கேயோ இடி விழுந்தால் வருமே, அது மாதிரி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாய் சும்மா பயமுறுத்துகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம்தான் ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி. இமையைத் திறக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன், "இன்னா ஹீரோ, ஷூட்டிங்கா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. காலையில் பட்டால் சாயங்காலம்தான் வலிக்கும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இரண்டையும் யாராலும் முடிச்சுப் போட முடியாது.

நதியாவின் விளக்கில் வெள்ளைக் குழாய்க்குப் பக்கத்திலேயே இதையும் பொருத்தினேன். படிக்க வெளிச்சம் வேண்டுமே, அதற்கு வெள்ளை. ஓரத்தில் என்ன நீலமாகத் தெரிகிறது என்று கேட்டாள். கொசு வராது என்றேன். "எனக்குன்னா மட்டும் ஒனக்கு எப்படித்தான் தோணுதோ" என்று என் கன்னத்தைத் தட்டினாள். நான் வெளியே போய்ப் பல் துலக்கினேன். அவள் படிக்கும் நேரத்தில் நான் வெளியேதான் இருப்பேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, விறகு பிளப்பது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும்.

அப்போது சாமை அறுப்பு. காலையில் படித்துவிட்டு அவள் களத்துக்குப் போவாள், சாயங்காலம் கண் சிவந்து வருவாள். முகமும் ஒரு பக்கம் வெயில் பட்ட மாதிரி கறுத்துச் சிவந்திருக்கும். எல்லோரும் சாமைத் தூசி என்றார்கள். தூற்றும்போது காற்றுக்கு எதிரே நிற்காதே என்று அவள் அம்மா திட்டினார், சின்னக்குழந்தை என்பது அவர் பெயர். வலி குறைந்ததும் மறுபடி படிக்க உட்கார்ந்துவிடுவாள். பிடிவாதக்காரி. கொஞ்ச நாள் படிப்பை நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன்.

பிறகு அவள் அம்மா சடையனைக் கூட்டிவந்தார். எங்கள் ஊரில் கண்ணுக்கு அவர்தான் மருந்து. "சாமத் தூசிதாம்மா. ரெண்டு வேள சாறு வுட்டா சரியாப் பூடும்" என்று ஏதோ பச்சிலையை உள்ளங்கையில் கசக்கி நேராகக் கண்ணில் பிழிந்தார். நதியா அலறினாள். நான்தான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே தோல் உரிந்த கண், அதில் அழுக்குக் கையும் இலைச் சாறும். வலது கண்ணில் சீழ் வைத்துவிட்டது. வேலூரில் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதைத்தான் சொன்னார், கருவிழியில் புண், பச்சிலை விட்டதால் முற்றிவிட்டது என்று. ஆகவே முழுப் பழியும் என் விளக்கின் மேல் போடுவது நியாயமில்லை.

அந்த டாக்டர் ஒன்று கேட்டார். "வீட்டுப் பக்கத்துல வெல்டிங் வேலை நடக்குதாம்மா?" என்றார்.

"எங்க ஊர்ல வெல்டிங் எங்க கீது டாக்டர்" என்றாள் நதியா.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வெல்டிங் நெருப்பைப் பார்த்தால் வருகிற வலியும் இந்தக் குழாய் தருகிற வலியும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். டாக்டர் என்னைக் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் எதற்கு?

வலது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாகச் சுவரிலிருந்த விளக்கைக் கழற்றி அலமாரி மேல் வைத்தேன். இனி அது தேவைப்படாது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் ஆயுளில் நான் நிம்மதியாக இருந்த காலம் அதுதான். இரண்டு கண்ணிலும் கட்டு, மருந்து. நான்தான் சோறு ஊட்டினேன். தலை வாரிப் பின்னிவிட்டேன், முதலில் கோணலாக வந்தது, பிறகு பழகிவிட்டது. கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றாலும் "மாமா" என்று கூப்பிடுவாள். கடையை மதியத்தோடு மூடிவிடுவேன். நாட்டார் வந்து பார்த்துவிட்டு, கட்டினால் இவன் மாதிரி ஒருவனைக் கட்ட வேண்டும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். என் மாமியார் சின்னக்குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பொய்யழுகை இல்லை மேடம்.

கெடுத்தது அருணாதான். கீழே ஆலங்காயத்துப் பெண், நதியாவோடு கல்லூரியில் படித்தவள். கட்டுப் பிரித்த பிறகு ஸ்கூட்டரில் மலையேறி வர ஆரம்பித்தாள். பாடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், நதியா கேட்டுக்கொண்டு திருப்பிச் சொல்வாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சோதித்துவிட்டு, இடது கண் நன்றாகத் தேறிவிட்டது, தாராளமாகப் படிக்கலாம், எழுதலாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியில் உள்ள கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. என் தோளில் சாய்ந்துகொண்டு, "மாமா, என் லைட்ட எடுத்து மாட்டு. இந்தத் தபா வுட மாட்டேன்" என்றாள்.

நான் சரி என்றேன்.

அவளே கேட்டுத்தான் மாட்டினேன். பட்டையை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். வெள்ளைக் குழாயை மட்டும் விட்டுவிட்டு இதைக் கழற்றியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. இப்போது அவள் தலையை இடது பக்கம் திருப்பித்தான் படிக்கிறாள் என்பதால், சுவரில் இடது பக்கத்துக்கு மாற்றி ஆணி அடித்தேன். போர்டில் ஒரு கம்பி விட்டிருந்தது, அதையும் பற்றவைத்தேன். காலையில் அவள் உட்கார்ந்தாள், நான் வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனேன். புத்தகத்தை மூடி வைத்திருந்தாள். கண்ணையும் மூடியிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்த வாட முன்னயும் வரும். லைட்டு இல்லாதப்போ இல்ல. கண்ணு கட்டி இருந்த நாள்ல மூக்குதான் எனக்கு எல்லாம், அப்பவும் வர்ல. இப்போ வருது."

மழை வரப்போகிறது என்றேன்.

"டாக்டர் எதுக்கு வெல்டிங் கேட்டாரு?" என்றாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள், கத்தவில்லை. "எங்கூட ஒக்காந்து சோறு துன்ற, படுக்குற. இந்த வெளிச்சத்துக்குக் கீழ மட்டும் நீ ஏன் மாமா ஒரு நாளும் ஒக்காரல? இப்போ ஒக்காரு. நான் பாக்கறேன்."

உட்கார்ந்திருக்கலாம். கொஞ்ச நேரம் பட்டால் ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. வாசலிலேயே நின்றேன். அவள் அதைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, கையால் தடவிக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். விளக்கு அணைந்தது. பட்டையிலிருந்து குழாயைப் பிடுங்கி என் துண்டில் சுற்றிக்கொண்டாள். என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள், நான் தடுக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்ணைப் பிடித்து வைக்கிற பழக்கம் இல்லை என்று சொன்னேனே. ரோட்டில் நின்று அருணாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அங்கிருந்து நேராக இங்கே ஸ்டேஷனுக்கு.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள், தெரிந்து செய்தாயா தெரியாமல் செய்தாயா என்று. தெரிந்துதான். முதல் தடவை கண் போகும் என்று நினைக்கவில்லை, படிப்பு நின்றால் போதும் என்றிருந்தேன். இரண்டாம் தடவை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கண் இருந்தால் படித்துவிடலாம். அதனால்தான் இடது பக்கம் மாட்டினேன். பரிசோதனைக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் நாட்டார் முன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள். நான் அவளை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கோபம் ஆறட்டும். ஒன்று மட்டும் அருணாவிடம் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்தைக் கண்ணின் நடுவில் விடக் கூடாது, கீழ் இமையை இழுத்து ஓரமாக விட வேண்டும், அப்போதுதான் எரியாது. விட்ட பிறகு கொஞ்ச நேரம் நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதெல்லாம் எனக்குத்தான் பழக்கம். இங்கே முடிய நேரமாகுமா மேடம்? மருந்து விடுகிற வேளையாகிறது, என்னைத் தேடுவாள்.